ஞானஜோதி கொடுத்த சிறுநீரகம்

தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஞானஜோதியின் முகம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. குரல் எல்லாருக்கும் தெரியும். கூடுவாஞ்சேரி அரிசி மில்காரர் திருச்சிக்கு டிரங்க் கால் பதிய ரிசீவரை எடுத்தால் முதலில், "ஜோதியம்மா ட்யூட்டியில இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். மழைக்காலத்தில் லைன் இரையும்போது மற்ற பெண்கள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். ஜோதி விடமாட்டாள். விழுப்புரத்தைப் பிடித்து, அங்கே போர்டில் இருக்கிறவளைக் கெஞ்சி, திருச்சியைப் பிடித்து, கடைசியில் "பேசுங்க சார்" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை மில்காரர் பார்த்ததில்லை.

அவளைப் படிக்க வைத்தது அண்ணன் எட்மண்ட். அப்பா இறந்தபோது எட்மண்ட் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தான். படிப்பை விட்டுவிட்டு பாரிமுனையில் ஒரு கண்ணாடிச் சாமான் கடையில் பொட்டலம் கட்டப் போனான். தங்கை பள்ளிக்கூடத்தை முடிக்கும்வரை தீபாவளி, கிறிஸ்துமஸ் எதற்கும் தனக்கென்று சட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா மெட்டில்டா இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். ஜோதியிடமும் சொல்வாள். ஜோதிக்குச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

கண்ணாடிக் கடையில் பிடித்த பழக்கத்தில் எட்மண்ட் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு, சேலையூர்ப் பக்கம் பள்ளத்தேரி என்ற சிறிய ஏரியின் கரையில் தெர்மாமீட்டர் செய்யும் கம்பெனி ஆரம்பித்தான். தெருக்காரர்கள் அதை ஜுரக்குச்சி கம்பெனி என்பார்கள். கண்ணாடிக் குழாயை ஊதி, முனையில் குமிழ் வைத்து, உள்ளே பாதரசம் ஏற்றி, கோடு போட்டு, பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். ஏற்றும்போது சிந்தும், குழாய் உடையும். சாயங்காலம் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளினால் அது பின்பக்கச் சுவரில் இருந்த ஓட்டை வழியாக வாய்க்காலில் விழுந்து ஏரிக்குப் போகும். உடைந்த குழாய்களையும் கூடை கூடையாக அங்கேதான் கொட்டினார்கள். கம்பெனி நன்றாக ஓடியது. எட்மண்ட் கம்பெனியை ஒட்டி மாடி வீடு கட்டினான். புஷ்பத்தைக் கல்யாணம் செய்துகொண்டான். மூன்று குழந்தைகள் பிறந்தன. அம்மாவும் ஜோதியும் அடுத்த தெருவில் பழைய வீட்டிலேயே இருந்தார்கள்.

ஏரியில் வலை போட்டுப் பிடித்த மீனை மீன்காரி தனம் கூடையில் கொண்டுவருவாள். கெண்டை, கெளுத்தி, சமயத்தில் விரால். மெட்டில்டாவுக்கு ஏரி மீன் என்றால் உயிர். அண்ணி புஷ்பம் மட்டும் வாங்கமாட்டாள். "சேத்து வாடை அடிக்குது" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு, ரயிலேறி சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரமும் சங்கராவும் வாங்கி வருவாள். பணம் வந்தால் நாக்கும் மாறும் என்று ஜோதி தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

எழுபத்திரண்டில் ஜோதிக்கு நிச்சயமானது. பையன் பல்லாவரத்து லாசரஸ், ரயில்வேயில் கிளார்க். முன்நெற்றி ஏறிய, மெதுவாகப் பேசுகிற மனிதன். அவளுக்கு இருபத்தேழு வயது, அவனுக்கு முப்பத்திரண்டு. இருவருமே காத்திருந்து களைத்தவர்கள். ட்யூட்டி முடிந்து அவள் வெளியே வரும்போது ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றுகொண்டிருப்பான். பேசுவதற்கு அதிகம் இருக்காது. கடலை வாங்கிக் கொடுப்பான். தோலை அவனே ஊதிக் கொடுப்பான்.

அந்த வருஷ மழைக்காலத்தில் எட்மண்டின் முகம் ஊதியது. முதலில் கண்ணுக்குக் கீழே, பிறகு கால். செருப்பு ஏறவில்லை. ஈறு கறுத்தது. வாந்தி. ஊர் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்தும் நிற்காமல், ஒருநாள் மூச்சு முட்டி விழுந்தபோது வேலூருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் இன்னொருவருடைய சிறுநீரகத்தை எடுத்து வைக்கிறார்கள், கூடப் பிறந்தவர்களுடையது என்றால் உடம்பு ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர்.

அம்மாவுக்குச் சர்க்கரை. புஷ்பம் ரத்த உறவில்லை. அறையில் இருந்த எல்லாரும் ஜோதியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி மரத்தடியில் மெட்டில்டா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலடி. அவனுக்கு மூணு பிள்ளைங்க. உனக்கு இன்னும் யாரும் இல்ல."

"நிச்சயம் ஆயிருக்கும்மா."

"நிச்சயம்தானே ஆயிருக்கு. தாலியா கட்டிட்டான்?"

ஜோதி கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"அவன் படிப்பை விட்டான் உனக்காக. அதை மட்டும் நினைச்சுக்கோ" என்றாள் மெட்டில்டா. சொல்லிவிட்டு ஜெபம் பண்ணக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் ஜோதியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"யாராவது உங்களை வற்புறுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா, உங்களுது பொருந்தலைன்னு நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்."

அவர் திறந்துவிட்ட கதவு அது. ஜோதி அதைப் பார்த்தாள். பொட்டலம் கட்டிக் கட்டிச் சணல் அறுத்த தழும்போடு இருந்த அண்ணனின் விரல்கள் நினைவுக்கு வந்தன. "இல்ல டாக்டர். நானாத்தான் கொடுக்கறேன்" என்றாள்.

ஜோதி ஊர் திரும்பியதும் லாசரஸ் வந்து மேம்பாலத்தில் நின்றான். அன்று கடலை வாங்கவில்லை.

"எங்க வீட்டுல யோசிக்கறாங்க, ஜோதி. பிள்ளை பெத்துக்க முடியுமா, பின்னால ஏதாவது வந்தா யார் பார்க்கறதுன்னு..."

"டாக்டர் ஒண்ணும் ஆகாதுங்கறார்."

"நான் சொன்னேன். அம்மா கேக்கல."

"நீங்க?"

லாசரஸ் கீழே போன மின்சார ரயிலைப் பார்த்தான். கடைசிப் பெட்டி போய் மறையும்வரை பார்த்தான். "நல்லபடியா முடியணும்னு ஜெபிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அடுத்த பங்குனிக்குள் கூடுவாஞ்சேரியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

ஜோதியின் இடது விலாவுக்குக் கீழே முன்னிருந்து முதுகுவரை வெட்டினார்கள். ஒரு விலா எலும்பின் துண்டை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது தன்னை யாரோ இரண்டாகப் பிளந்துவிட்டு ஒட்ட மறந்துவிட்டதுபோல இருந்தது. கட்டிலருகே யாரும் இல்லை. அம்மாவும் அண்ணியும் எட்மண்ட் இருந்த கண்ணாடி அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அவனுக்குச் சிறுநீர் வந்துவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். வராந்தாவில் புஷ்பம் முழந்தாளிட்டு ஸ்தோத்திரம் சொல்வது கேட்டது. ஜோதிக்குத் தாகமாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரியின் துணைக்கு வந்த பெண் ஒருத்திதான் பஞ்சில் தண்ணீரை நனைத்து உதட்டில் வைத்தாள்.

சில வாரம் கழித்து எட்மண்டுக்குப் படம் எடுத்தார்கள். எக்ஸ்ரே மாதிரி இல்லை. கையில் ஊசி போட்டுவிட்டு மேஜையில் படுக்க வைத்தார்கள். வயிற்றுக்கு மேலே ஓர் இரும்புக் கை இப்படியும் அப்படியும் மெதுவாக ஊர்ந்தது. அது ஊர ஊர, பக்கத்தில் விரித்திருந்த தாளில் ஒரு முனை டக், டக் என்று புள்ளி வைத்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றும். அடிவயிற்றின் வலப்பக்கம் வந்ததும் டகடகவென்று மழை பெய்தது. புள்ளிகள் நெருங்கி நெருங்கி ஒரு மொச்சைக்கொட்டையின் வடிவம் வந்தது. தையல் வலியோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜோதி அதைப் பார்த்தாள். தன் உடம்புக்குள் இருந்தவரை அவள் பார்த்திராத ஒன்று.

"நல்லா வேலை செய்யுது" என்றார் டாக்டர்.

எட்மண்ட் படுத்தபடியே கையை நீட்டித் தங்கையின் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. அதைத்தான் பின்னால் ஜோதியால் தாங்க முடியாமல் போனது.

வீட்டுக்கு வந்ததும் மெட்டில்டா மகளைத் தேற்ற ஆரம்பித்தாள். வெட்டுக்காயம் ஆற விரால் மாதிரி வேறு எதுவும் இல்லை என்பது அவள் நம்பிக்கை. தனத்திடம் சொல்லி வைத்து, உயிரோடு துள்ளுகிற விராலாகப் பார்த்து வாங்கினாள். ஒருநாள் மிளகு போட்டுச் சாறு, ஒருநாள் பூண்டு போட்டுக் குழம்பு, ஒருநாள் வறுவல். பெரிய நடுத்துண்டு எப்போதும் ஜோதிக்கு; தான் வெறும் குழம்பை ஊற்றிக்கொள்வாள். மகளிடம் வாயால் கேட்க முடியாத மன்னிப்பைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள் என்றுதான் சொல்லவேண்டும். ஜோதிக்கும் அது புரிந்தது. பசி இல்லாத நாளிலும் தின்றாள்.

வேலூரிலிருந்து திரும்பிய எட்மண்ட் சாயங்காலங்களில் அம்மா வீட்டுக்கு வந்து உட்காருவான். மாத்திரையால் முகம் வட்டமாகி, கன்னம் சிவந்து, குழந்தைபோல இருந்தான். ஜோதி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"உனக்கு ஒரு துண்டு வைக்கட்டுமாடா?" என்பாள் மெட்டில்டா.

"வேண்டாம்மா. எனக்குப் பத்தியம்" என்பான்.

ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படிப் போனது. எழுபத்திநாலு கோடையில் ஜோதியின் விரல் நுனி மரத்தது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. எக்ஸ்சேஞ்ச் போர்டில் ஒயரைத் துளையில் சொருகப் போனால் பக்கத்துத் துளையில் போய் இடித்தது. யாராவது பக்கவாட்டில் வந்து நின்றால் தெரிவதில்லை. குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல நேரே இருப்பது மட்டும் தெரிந்தது. பிறகு நாக்கு கனத்தது. ஒருநாள் அரிசி மில்காரர் லைனில் வந்தார். அவள் வழக்கம்போல, "சொல்லுங்க சார்" என்றாள்.

"யாரும்மா அது, ஒண்ணும் புரியல. ஜோதியம்மாவைக் கூப்பிடு."

"நான்... ஜோதிதான் சார்."

"விளையாடாதம்மா. அவங்க குரல் எனக்குத் தெரியாதா?" என்று ரிசீவரை வைத்துவிட்டார்.

போர்டிலிருந்து எடுத்து அவளை ஸ்டோர் அறையில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில், சரியாகும்வரை வீட்டில் இரு என்றார்கள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

அந்த வருஷம் எட்மண்டின் பரிசோதனைக்கு வேலூர் போகும்போது ஜோதியும் கூடப் போனாள். தன் கைத் தடுமாற்றத்தையும் காட்டிவிட்டு வரலாம் என்று நினைத்தாள். மறுபடியும் அதே அறை, அதே இரும்புக் கை. டாக்டர் வேறு; இளைஞர்; எதையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்கிற பழக்கமுள்ளவர்.

"இந்த ஊசியில இருக்கறது பாதரசம் கலந்த மருந்து. பாதரசம் உடம்புக்குள்ள போனா சிறுநீரகத்தைத்தான் தேடிப் போகும். அதுல இருந்து வர்ற கதிரை இந்த மெஷின் பிடிச்சுப் படம் போடும்."

எட்மண்ட் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"பாதரசமா? போன தடவையும் அதையா போட்டீங்க?"

"ரொம்பக் கொஞ்சம் சார். ஒண்ணும் செய்யாது."

"கொஞ்சம்கூட வேண்டாம் டாக்டர். அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். கம்பெனி ஆரம்பிச்ச நாளா பார்க்கறேன். ஏத்துற ரூம்ல நின்னவன் ஒருத்தன்கூட ரெண்டு வருஷம் தாங்கினதில்ல. பொன்னுசாமின்னு ஒருத்தன், கை நடுங்கி, பல்லு கொட்டி..."

சட்டென்று நிறுத்தினான். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"நீங்க பாதரச வேலை பார்க்கறவரா? இதை ஏன் எங்ககிட்ட யாரும் சொல்லல? உங்க சிறுநீரகம் போனதுக்கே அது காரணமா இருக்கலாமே. அந்த ரூமைக் கழுவுற தண்ணி எங்க போகுது?"

எட்மண்ட் சுவரைப் பார்த்தான். மூலையில் நாற்காலியில் இருந்த ஜோதி சொன்னாள்.

"ஏரிக்குப் போகுது டாக்டர்."

அவள் வார்த்தைகள் குழறியதைக் கேட்டு டாக்டர் திரும்பினார். அருகில் வந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். அவள் விரல் கன்னத்தில் போய் இடித்தது. மறுபடி முயன்றாள், காதோரம் போனது.

"அந்த ஏரியிலிருந்து ஏதாவது சாப்பிடுவீங்களா?"

"மீன்."

"எப்பவாவதா?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் தினமும்."

டாக்டர் ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜப்பானில் ஒரு கடலோர ஊரில் இப்படித்தான் நடந்தது என்றார். தண்ணீரில் விழுகிற பாதரசம் சேற்றில் வேறு விதமாக மாறி மீனில் ஏறும்; சின்ன மீனைத் தின்கிற பெரிய மீனில் இன்னும் ஏறும்; விரால் போன்றவற்றில் அதிகம் இருக்கும். அவளுடைய தலைமுடியில் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்குப் பம்பாய் அனுப்பினார். பின்னால் அவர் பயந்தபடியே முடிவு வந்தது. ஆனால் அன்றே சொல்லிவிட்டார்: "மீனை இன்னியோட நிறுத்துங்க. இதுக்கு மேல மோசமாகாம பார்க்கலாம். போன நரம்பு திரும்ப வராதும்மா. உங்களுக்கு இருக்கறது ஒரே சிறுநீரகம், அதையும் ஜாக்கிரதையா பார்த்துக்கணும்."

எட்மண்ட் அன்று அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவில்லை.

காஞ்சிபுரம் வழியாகத் தாம்பரம் போகும் பஸ்ஸில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியது.

"மீன்ல ஏறும்னு உனக்குத் தெரியுமாண்ணா?" என்றாள் ஜோதி. ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்து வைத்துப் பேசினாள்.

"ஜோதி, பஸ்ல வேண்டாம்."

"தெரியுமா?"

எட்மண்ட் சட்டைப் பொத்தானைத் திருகினான். "மெஷின் விக்க ஒரு வெள்ளைக்காரன் வந்தான். நாலஞ்சு வருஷம் இருக்கும். பின்பக்கம் வாய்க்காலைப் பார்த்துட்டு, இந்த ஏரி மீனைத் தின்னாதேன்னான். நிஜமா பொய்யான்னு எனக்கு அப்ப தெரியாது."

"அண்ணிகிட்ட சொன்னே."

சைதாப்பேட்டை வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் அர்த்தம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"அம்மாகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. கம்பெனியை மூடிடுவாங்க. நாப்பது குடும்பம் பிழைக்குது ஜோதி."

"விரால்... எனக்கு முன்னால உட்கார்ந்து பார்த்துட்டிருந்தே."

எட்மண்டின் வட்ட முகம் கோணியது. "தினமும் சொல்லிடணும்னுதான் வருவேன். வாய்வரைக்கும் வரும்."

"வந்து?"

"முழுங்கிடுவேன்."

கொஞ்சம் தூரம் போனதும் அவள் கையைத் தொட்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. தாங்க மாட்டாங்க" என்றான். ஜோதி கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் சொல்லவில்லை. மீன் கெட்டது என்பதை மட்டும் அம்மாவிடம் சொன்னாள். மெட்டில்டாவுக்குக் கோபம் வந்தது. "பிள்ளை பெத்தவளுக்கு ஆக்கிப் போடற மீனுடி அது. டாக்டருக்கு வேற வேலை இல்ல" என்றாள். மகள் தொடமாட்டேன் என்று தட்டைத் தள்ளியபோது, தன்னையே தள்ளிவிட்டதாக அழுதாள்.

தனத்திடம் சொன்னபோது தனம் கூடையை இறக்கி வைத்துவிட்டு நன்றாகக் கேட்டாள்.

"ஏம்மா, மீன்ல வெசம் கீதுன்னா அது துள்ளுமா? செத்துல்ல மெதக்கும்?"

"மீன் சாகாது தனம். தின்னறவங்கதான்."

"அப்ப நான் இன்னா பண்றது? எங்க வூட்டுல அடுப்பு இதுலதாம்மா எரியுது. வேற ஏரிக்குப் போனா அங்க கீறவன் வுடுவானா?" கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இரண்டடி நடந்தவள் திரும்பினாள். "எனக்கும் கைக்கால் மரத்துப் போவுதும்மா. வயசுன்னு நெனச்சிகினு கீறேன்" என்றாள். பிறகு அடுத்த தெருவில் அவள் கூவுகிற குரல் கேட்டது.

ஜோதி சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். தனியாகத்தான் போனாள், சுவரைப் பிடித்து, விளக்குக் கம்பத்தைப் பிடித்து. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி முழுதும் கேட்கவில்லை. அவள் ஆடுவதையும் நாக்கு குழறுவதையும் பார்த்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரிடம் சிரித்தார்.

"மதுவிலக்குன்னு சாராயக் கடையெல்லாம் மூடிட்டாங்களே, இந்தம்மாவுக்கு மட்டும் எங்கே கிடைச்சுதுன்னு கேளுய்யா."

"சார், நான் குடிக்கல. பள்ளத்தேரி மீன்..."

"போம்மா. போய் மோர் குடிச்சுட்டுப் படு. குடும்பப் பொண்ணு மாதிரி இருக்கே, வெக்கமா இல்ல?"

அவர் எழுந்து வந்து முழங்கையைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விட்டார். படி இருப்பது தெரியாமல் ஜோதி விழுந்தாள். இடது விலாவில், தழும்பின் மேல். உள்ளே சிரிப்புச் சத்தம் நின்றது. யாரும் வெளியே வரவில்லை.

எழுபத்தாறில் எட்மண்டுக்கு மறுபடி முகம் ஊதியது. உடம்பு புதுச் சிறுநீரகத்தை வெறுக்க ஆரம்பித்து மாதக்கணக்காகியிருக்கும், படம் எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும், மருந்தைக் கூட்டிக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். அவன்தான் படத்துக்குப் பயந்து ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழித்திருந்தான். இப்போது எதிர்க்கவும் தெம்பில்லை, ஊசியைப் போட்டார்கள். இரும்புக் கை அடிவயிற்றின் மேல் போயிற்று, வந்தது. தாளில் அங்கொரு புள்ளி, இங்கொரு புள்ளி. வேறு எதுவும் விழவில்லை.

மெட்டில்டா அறைக்கு வெளியே வந்து ஜோதியின் எதிரில் நின்றாள்.

"நீ மனசாரக் கொடுக்கலடி. அதான் அவன் உடம்புல ஒட்டல."

ஜோதிக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அது நோயால்தானா என்பது அவளுக்கே தெரியவில்லை.

பத்து நாளில் எட்மண்ட் இறந்துபோனான்.

நினைவுக் கூட்டத்துக்குக் கோயில் நிறைந்திருந்தது. கம்பெனி ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பொன்னுசாமியும் வந்திருந்தான், பல்லில்லாத வாயைத் துண்டால் மூடிக்கொண்டு. போதகர் எலியேசர் அரை மணி நேரம் பேசினார். தகப்பனில்லாத வீட்டைத் தாங்கியவர், தங்கைக்காகப் படிப்பைத் துறந்தவர், நாற்பது குடும்பங்களுக்கு அன்னம் அளித்தவர் என்றார். எட்மண்டின் உடம்புக்குள் மூன்று வருஷம் உழைத்தது யாருடைய சிறுநீரகம் என்பது அவர் பேச்சில் வரவில்லை. "குடும்பத்தார் யாராவது ஒரு வார்த்தை பேசுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு உட்காரப் போனார்.

ஜோதி எழுந்தாள். முன்வரிசைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி, ஜனங்களைப் பார்த்து நின்றாள். பேசினாள். பஸ்ஸில் கேட்டதை முழுக்கச் சொன்னாள். வாய்க்காலைச் சொன்னாள், வெள்ளைக்காரனைச் சொன்னாள், அண்ணன் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கத் தான் தின்றதைச் சொன்னாள். இன்றைக்கும் கம்பெனித் தண்ணீர் அங்கேதான் விழுகிறது, உங்கள் பிள்ளைகளுக்கு அந்த மீனைக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சினாள். முகம் கோணிக்கோணி, எச்சில் வழிய, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

கேட்டவர்கள் காதில் விழுந்ததெல்லாம் ஒரு நீண்ட குழறல்தான். சபையில் இருந்த ரத்தினபாய் டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெண்கள் பக்கத்தில் விசும்பல் பரவியது. அண்ணனை இழந்த தங்கை அழுகிறாள் என்று கம்பெனி ஆட்களும் தலை குனிந்தார்கள். புஷ்பம் மட்டும் ஜோதியின் முகத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் அருகே வந்து மெட்டில்டாவிடம் குனிந்தார். "என்னம்மா சொல்றாங்க? எனக்குச் சரியா விளங்கல. நீங்கதான் கூடவே இருக்கீங்க."

மெட்டில்டாவுக்கு மகளின் பேச்சு பழகிப்போயிருந்தது. தண்ணீர் கேட்பதும் வலி என்று சொல்வதும் இரண்டு வருஷமாக இதே குழறலில்தான். இப்போது ஜோதி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு விளங்கிவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. ஜோதி அம்மாவையே பார்த்தாள். சொல்லும்மா, நீ சொன்னால் போதும் என்று கண்ணால் கேட்டாள்.

மெட்டில்டா பீடத்துக்கு முன்னால் பூமாலை போட்டு வைத்திருந்த மகனின் போட்டோவைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"அண்ணன் மாதிரி யார் வருவாங்கன்னு சொல்லி அழறா, ஐயா" என்றாள்.

போதகர் அதைக் கூட்டத்துக்கு உரக்கச் சொன்னார். கோயில் முழுக்க "ஆமென்" என்றது. யாரோ இருவர் ஜோதியின் தோளைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார்கள். ஒருத்தி விசிறினாள்.

கம்பெனியைப் புஷ்பமும் கூட்டாளியும் சேர்ந்து நடத்தினார்கள். பின்பக்கச் சுவரில் ஓட்டை அப்படியே இருந்தது. ஜோதியும் அம்மாவும் அடுத்த தெருவில் அதே வீட்டில் இருந்தார்கள். காலையில் மெட்டில்டா மகளுக்கு ரவிக்கைக் கொக்கி மாட்டி விடுவாள். தலை வாரி விடுவாள். பிசைந்து கையில் உருண்டை வைப்பாள். ஒருநாள் தலை வாரும்போது ஜோதி முகத்தைத் திருப்பாமல், மெதுவாக, தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை முயன்று கேட்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னது உனக்கு விளங்கிச்சுதானேம்மா?"

சீப்பு பாதியில் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"தலையை ஆட்டாம இரு. சிக்கு விழுந்திருக்கு" என்றாள் மெட்டில்டா.